கிரேக்கத் தெருவில் யீரோஸ்: முதல்முறை சாப்பிடப் போகிறவர்களுக்கு

ஏதென்ஸில் மொனாஸ்திராக்கி மெட்ரோ நிலையத்தின் படியேறி வெளியே வந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் வேலை. மேலே அக்ரோபோலிஸ் குன்று நிற்கிறது, உண்மைதான். ஆனால் சதுக்கத்தின் ஓரத்தில் மித்ரோபோலியோஸ் தெருமுனையில் வரிசையாக இறைச்சி சுடும் கடைகள். கொழுப்பு தீயில் சொட்டும் வாசனை ஆளை நேராக அங்கே இழுத்துக்கொண்டு போய்விடும். நானும் அப்படித்தான் போய் நின்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் நான்கு விநாடிக்குள் மூன்று கேள்வி கேட்டார். ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டி வைத்தேன். கையில் வந்தது, குச்சியில் கோத்துச் சுட்ட நாலு துண்டு பன்றி இறைச்சியும் ஒரு துண்டு ரொட்டியும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஆசைப்பட்டுப் போனது யீரோஸ்: சுற்றும் கம்பியில் வெந்த இறைச்சியைச் சீவி ரொட்டியில் சுற்றித் தருவது. அது பக்கத்து ஆளின் கையில் இருந்தது.

யீரோஸ் சாப்பிடப் பெரிய நுணுக்கம் எதுவும் வேண்டாம். சுடுவது, சீவுவது, சுற்றுவது எல்லாம் கடைக்காரர் பாடு. நம் பங்கு கவுன்ட்டரில் நிற்கும் அந்தப் பத்து விநாடி மட்டும்தான். எந்த இறைச்சி, எந்த வடிவம், உள்ளே என்னென்ன: இந்த மூன்றுக்கும் பதிலோடு போனால் வேலை முடிந்தது. அந்தப் பதில்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘கைரோஸ்’, ‘ஜைரோ’ என்றெல்லாம் வாசிக்கிறோம். கிரேக்கர் வாயில் அது ‘யீரோஸ்’. கடையில் கேட்கும்போது கடைசி ‘ஸ்’ உதிர்ந்து ‘யீரோ’ ஆகிவிடும். அவர்களுடைய இலக்கணம் அப்படி. பெயர்ப்பலகையில் தேட ஒரு குறிப்பு: நம் ‘ட’ எழுத்தைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற எழுத்தில் அந்தச் சொல் தொடங்கும். இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும்.

சொல்லுக்குப் பொருள் ‘சுற்று’. செங்குத்தான கம்பியில் அடுக்கிய இறைச்சி, தீ முன்னால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். துருக்கியில் ‘தோனேர்’ என்றாலும் சுற்றுவதுதான். நமக்குத் தெரிந்த ஷவர்மாவும் துருக்கி மொழியில் ‘திருப்புவது’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து அரபிக்குப் போனது. மூன்று மொழியிலும் ஒரே பொருள் இருப்பது தற்செயல் இல்லை. கம்பியை நிமிர்த்தி வைத்துச் சுடும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசில் பரவியது. 1923ஆம் ஆண்டு லோசான் உடன்பாட்டின்படி கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டன. இன்றைய துருக்கியில் இருக்கும் சின்ன ஆசியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் அகதிகளாக கிரீஸ் வந்து சேர்ந்தார்கள். வீடும் நிலமும் போனாலும் கைப்பக்குவம் கூடவே வந்தது. ஏதென்ஸின் நேயா ஸ்மிர்னி போன்ற பகுதிகள் அவர்கள் குடியேறி உண்டானவை. பெயரே ‘புது ஸ்மிர்னா’தான்; ஸ்மிர்னா அவர்கள் விட்டுவந்த ஊர்களில் ஒன்று. கிரீஸிலும் இதை முதலில் ‘தோனேர்’ என்றுதான் அழைத்தார்கள். துருக்கியோடு உறவு கசந்த 1970களில்தான் ‘யீரோஸ்’ என்ற கிரேக்கப் பெயர் நிலைத்தது. இந்தக் கதையைக் கடையில் போய்ச் சொல்ல வேண்டாம். பின்னால் நிற்பவர்களுக்குப் பசிக்கும்.

எந்த இறைச்சி என்று முன்பே முடிவு செய்யுங்கள்

நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. கிரீஸில் யீரோஸ் என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான் வரும். அவர்களுக்கு அதுதான் இயல்பான யீரோஸ். பன்றிக்கு ‘ஹிரினோ’, கோழிக்கு ‘கொத்தோபுலோ’. பல கடைகளில் இரண்டு கம்பிகளும் அடுத்தடுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும், வெளுத்திருப்பது கோழி.

பன்றி சாப்பிடாதவர்கள் கோழி கேட்டு வாங்கலாம். ஆனால் சீவும் கத்தியும், ரொட்டி சுடும் கல்லும், இடுக்கியும் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அது உங்களுக்குப் பொருட்டு என்றால் அந்தக் கடையையே தவிர்த்துவிடுவது நல்லது. ஏதென்ஸில் ஒமோனியா சதுக்கத்தைச் சுற்றி அரபு, பாகிஸ்தானி, வங்கதேசத்துச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ஹலால் வேண்டுவோர் அங்கே கேட்டு வாங்கலாம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு கிரீஸில் யீரோஸால் சிக்கல் குறைவு. ஆனால் அமெரிக்காவில் யீரோஸ் சாப்பிட்டுப் பழகியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பல கடைகளில் சுற்றுவது மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் விழுதாக அரைத்து உருளையாகப் பிடித்தது. 1970களில் சிகாகோவின் தொழிற்சாலைகளில் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது. கிரீஸின் கம்பியில் இருப்பது துண்டு துண்டாக அடுக்கிய முழு இறைச்சி. பெயர் ஒன்று, சாப்பாடு வேறு. ‘ஏதென்ஸில் ஆட்டு யீரோஸ் கிடைக்கவே இல்லை’ என்று குறைப்படுகிறவர்கள் எல்லாம் அமெரிக்காவில் சாப்பிட்ட ருசியோடு வந்தவர்கள்.

கடையை எடைபோட ஒரு நிமிடம் நில்லுங்கள்

நேராக வரிசையில் சேராதீர்கள். முதலில் கம்பியைப் பாருங்கள். நல்ல கம்பியில் இறைச்சி அடுக்கு அடுக்காகத் தெரியும்; ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொழுப்புக் கோடு ஓடும். வழுவழுவென்று ஒரே நிறத்தில் மெழுகுத்தூண் போல இருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். அடுத்து, சீவும் கையைப் பாருங்கள். ஆர்டர் வந்த பிறகு சீவுகிறாரா, அல்லது முன்பே சீவிக் குவித்ததிலிருந்து அள்ளிப் போடுகிறாரா? தீ பட்ட வெளித்தோலின் மொறுமொறுப்பும் உள்ளே இருக்கும் ஈரமும் ஒரே வாயில் சேர்ந்து வர வேண்டும். குவித்து வைத்ததில் இரண்டும் போயிருக்கும்.

நேரமும் முக்கியம். மாலை ஐந்து மணிக்கு ஆளில்லாத கடையில் தீயைக் குறைத்துவிட்டுக் கம்பி சும்மா நிற்கும். கூட்டம் சேரும் நேரத்தில்தான் தீ முழுதாக எரியும், சீவச் சீவப் புது முகம் வெந்துகொண்டே வரும். கிரேக்கரின் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். அந்த நேரத்தில் போங்கள். ஏழு மணிக்கே இரவுச் சாப்பாட்டுக்கு வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்தான்.

நம்மில் பலருக்கு இங்கே இன்னொரு கேள்வி வரும். 2023இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்துபோன செய்திக்குப் பிறகு, சுற்றும் கம்பியைக் கண்டாலே நம் வீடுகளில் ஒரு பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆபத்து எங்கே என்று தெரிந்திருந்தால் போதும். வெளிப்பக்கம் வெந்திருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். அது இந்த முறையின் இயல்பு. வேகாத இடம் வரை ஆழமாக வெட்டுவதும், தீயை அணைத்துவிட்டு வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் விட்டு வைப்பதும்தான் கெடுதல். சீவல் மெல்லியதாக, ஓரம் சிவந்து விழுகிறதா என்று பாருங்கள். கோழியில் இளஞ்சிவப்பு தெரிந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் மயோனைஸ். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது நினைவிருக்கலாம். கிரேக்கர் யீரோஸில் தடவும் ட்ஸட்ஸிகியில் முட்டையே கிடையாது; அது வெள்ளரிக்காயும் பூண்டும் போட்ட கெட்டித் தயிர்தான். ஆனால் கோழி யீரோவுக்குச் சில கடைகளில் மயோனைஸும் கடுகும் கலந்த ஒரு சாஸ் ஊற்றுவார்கள். வேண்டாமென்றால் ட்ஸட்ஸிகியே போதும் என்று சொல்லிவிடலாம்.

இனி அந்தப் பத்து விநாடி

வரிசையில் உங்கள் முறை வந்துவிட்டது. சொல்ல வேண்டிய வாக்கியம் இது: ‘மியா பீத்தா யீரோ கொத்தோபுலோ, அப்-ஓலா, பரக்கலோ.’ ஒரு பிட்டா, கோழி யீரோ, எல்லாம் போட்டு, தயவுசெய்து. பன்றி வேண்டுமென்றால் கொத்தோபுலோ இருக்கும் இடத்தில் ஹிரினோ. ‘அப்-ஓலா’ என்ற சொல் மந்திரம் மாதிரி. அதைச் சொன்னால் மேற்கொண்டு கேள்வி வராது. தக்காளி, வெங்காயம், ட்ஸட்ஸிகி, பெரும்பாலான கடைகளில் வறுத்த உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். பச்சை வெங்காயம் ஆகாதவர்கள் ‘ஹோரிஸ் கிரெமீதி’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஹோரிஸ்’ என்றால் இல்லாமல். எது வேண்டாமோ அதன் முன்னால் இதைப் போட்டால் சரி.

‘பிட்டா’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இந்த ரொட்டி, நாம் சூப்பர் மார்க்கெட்டில் பார்க்கும் பை போல வாய் திறக்கும் பிட்டா இல்லை. தடித்த, மெத்தென்ற, பிளவில்லாத வட்டம். எண்ணெய் தடவிக் கல்லில் வாட்டித் தருவார்கள். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட நினைத்தால் ‘மெரீதா’ கேட்கலாம். அது தட்டு நிறைய இறைச்சி, பக்கத்தில் பிட்டாவும் கிழங்கும் தக்காளியும். ஒரு மெரீதாவை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். இது தெரியாமல் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் பாதியை வைத்துவிட்டு எழுந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கதையில் நடந்த குழப்பத்துக்கு வருகிறேன். குச்சியில் கோத்துச் சுடும் சின்ன இறைச்சித் துண்டுகளுக்கு ஏதென்ஸில் ‘கலமாக்கி’ என்று பெயர். சின்ன நாணல் என்று பொருள். அங்கே ‘சூவ்லாக்கி’ என்பது பொதுப்பெயர். பிட்டாவில் சுற்றியதையும் அப்படியே சொல்வார்கள். வடக்கே தெசலோனிக்கி போனால் எல்லாம் தலைகீழ். அங்கே குச்சியில் இருப்பதுதான் சூவ்லாக்கி. கலமாக்கி என்று கேட்டால் குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ராவை நீட்டுவார்கள்! அந்தச் சொல்லுக்கு ஸ்ட்ரா என்றும் பொருள் உண்டு. இரண்டு ஊர்க்காரர்களும் இதற்காகப் போடும் சண்டை, சாம்பாரில் வெல்லம் போடலாமா என்ற நம் சண்டையைப் போல முடிவே இல்லாதது. வெளியூர்க்காரர் இடையில் புகாமல், ‘பீத்தா யீரோ’ என்று சொல்லிவிட்டால் இரண்டு ஊரிலும் ஒன்றுதான் வரும்.

ஒன்றுதான் வரும் என்றேன்; அளவு மாறும். தெசலோனிக்கியில் பொட்டலம் பெரிது. கடுகு சாஸும் கெட்ச்சப்பும் வேண்டுமா என்று அங்கே சாதாரணமாகக் கேட்பார்கள். அதே ஏதென்ஸில் கெட்ச்சப் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். டிரோகஃப்தெரி என்று ஒன்று இருந்தால் கேட்டுப் போடச் சொல்லுங்கள். ஃபெட்டா சீஸோடு மிளகாய் மசித்தது. கிரேக்கச் சாப்பாட்டில் காரம் தேடி ஏமாந்துபோகும் நம் நாக்குக்கு அதுதான் ஆறுதல்.

கடைசியாக, தலை. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஆம். ‘நோ’ போலக் காதில் விழுந்து ஏமாற்றும். இல்லை என்பதற்கு ‘ஓஹி’. அதையும் பல பேர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். புருவத்தை உயர்த்தித் தலையை லேசாகப் பின்னால் தூக்கி ‘ட்ச்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நம் ஊரில் ‘என்னப்பா?’ என்று தலையை மேலே தூக்கிக் கேட்போமே, ஏறக்குறைய அதே அசைவு. அவர் கேட்டது காதில் விழாமல் நீங்கள் அப்படித் தலையைத் தூக்கினால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார். என் முதல் நாள் குளறுபடியில் இதற்கும் பங்கு இருந்தது. வாயால் ‘நே’, ‘ஓஹி’ சொல்லுங்கள். தலையைச் சும்மா விடுங்கள்.

கையில் வந்த பிறகு

பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். காகிதத்தின் மேல் விளிம்பை மட்டும் கிழித்து, கடிக்கக் கடிக்கக் கீழே இறக்கிக்கொண்டே போங்கள். அடியில் சாறு இறங்கிச் சேரும். முழுதாகப் பிரித்தால் எல்லாம் சட்டைக்குத்தான். முழங்கையை உடம்பிலிருந்து தள்ளி, சற்றுக் குனிந்து சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். கடை வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தாலே தெரியும். பிட்டா சூடு ஆறினால் தோல் போல இழுக்கும். அதனால் ‘அறைக்குப் போய்ச் சாப்பிடலாம்’ என்ற எண்ணமே வேண்டாம்.

விலை: ஏதென்ஸில் ஒரு பிட்டா யீரோ இப்போது 4, 5 யூரோ அளவில் இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு விலை, கையில் வாங்கிக்கொண்டு போனால் ஒரு விலை என்று வைத்திருக்கும் கடைகள் உண்டு. மேசையில் உட்காரும் முன் விலைப்பட்டியலைப் பாருங்கள். கேட்காமலே ரொட்டி கொண்டுவந்து வைத்தால் அதற்கும் பில்லில் காசு சேரும். தண்ணீரைக் கடையில் வாங்காமல் தெருமுனை ‘பெரிப்தெரோ’வில் வாங்குங்கள். அது நம் பெட்டிக்கடைதான்: சிகரெட், செய்தித்தாள், சாக்லேட், குளிர்ந்த தண்ணீர் எல்லாம் கிடைக்கும். ஏதென்ஸில் குழாய்த் தண்ணீரையும் தாராளமாகக் குடிக்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

‘அங்கே நமக்கு என்ன கிடைக்கும், ரொட்டியும் தக்காளியும்தானே’ என்று சோர்ந்து போகவேண்டாம். மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே சொல் ‘நிஸ்திசிமோ’. விரதச் சாப்பாடு என்று பொருள். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்கு விரத நாட்கள் அதிகம்: ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் அதையொட்டிய புனித வாரமும், ஆகஸ்ட் முதல் பதினான்கு நாள், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நீண்ட காலம், அதுபோக புதன், வெள்ளி. அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், தயிர், சீஸ் எதுவும் சேர்க்காத உணவுக்குத்தான் அந்தப் பெயர். ‘வெஜிடேரியன்’ என்று சொல்லிப் புரியாத கிராமத்துக் கடையில்கூட ‘நிஸ்திசிமோ’ என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஒரு கண்ணி உண்டு. இரத்தம் இல்லாத உயிர் என்ற கணக்கில் கணவாய், ஆக்டோபஸ், இறால் எல்லாம் அவர்கள் விரதத்தில் சேர்த்தி. நிஸ்திசிமோ என்று போட்டிருந்தாலும் கடல் உணவு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். இளஞ்சிவப்பாக, கிரீம் போல வரும் தரமொசலாதா மீன் முட்டையில் செய்தது. நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

என்ன சாப்பிடலாம்? ‘ஃபாவா’ கேளுங்கள். மஞ்சள் பருப்பை மசிய வேகவைத்துக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெயும் நறுக்கிய வெங்காயமும். சாந்தோரினித் தீவின் பருப்புக்குத் தனிப் பெயர் உண்டு. நம் கடைந்த பருப்பை நினைத்துக்கொண்டு ஒரு வாய் வைத்தால் வீட்டு ஞாபகம் வந்துவிடும், உப்பும் காரமும்தான் குறைவாக இருக்கும். ‘யிகாந்தெஸ்’ என்பது பெரிய வெள்ளை மொச்சை போன்ற ஒரு பயறு. தக்காளியில் நீண்டநேரம் அடுப்பில் வைத்துச் சமைப்பார்கள். ‘ரெவிதோகெஃப்தேஸ்’ கொண்டைக்கடலையை அரைத்துப் பொரித்த வடை. திராட்சை இலையில் அரிசி மடித்த தோல்மாவில் இறைச்சி இல்லாத வகைக்கு ‘யலந்ஸி’ என்று பெயர். துருக்கி மொழியில் பொய்யன் என்று பொருள். இறைச்சி இருப்பதுபோல் நடிக்கிறதாம்! யீரோஸ் கடையிலேயே நிற்கவேண்டி வந்தால், இறைச்சி இல்லாமல் பிட்டாவுக்குள் உருளைக்கிழங்கும் தக்காளியும் ட்ஸட்ஸிகியும் போட்டுத் தரச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைக்கும், வயிறும் நிறையும்.

நாள் முழுக்கத் தெருவில்

யீரோஸ் மதியத்துக்கும் இரவுக்கும் உரியது. காலையில் தேடினால் கம்பியே ஏறியிருக்காது. காலைக்கு வேறு சாப்பாடு இருக்கிறது.

வேலைக்கு ஓடுகிறவர்கள் வாங்குவது ‘குலூரி’. எள் அப்பிய வளையல் ரொட்டி. தெருவில் வண்டியில் அடுக்கி வைத்து விற்பார்கள். விலை ஒரு யூரோ அளவில். துருக்கியில் இதன் உடன்பிறப்புக்குச் ‘சிமித்’ என்று பெயர். அடுத்து பேக்கரிகளில் கீரையும் ஃபெட்டாவும் வைத்த ஸ்பனக்கோப்பிட்டா, சீஸ் மட்டும் வைத்த டிரோப்பிட்டா. தெசலோனிக்கி போய்விட்டு ‘புகாட்சா’ சாப்பிடாமல் வரக்கூடாது. அதற்கு மாவை வீசுவதை வாய்ப்புக் கிடைத்தால் நின்று பாருங்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைக் காற்றில் சுழற்றிச் சுழற்றி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக்குவார்கள். மதுரையில் வீச்சு பரோட்டா போடுகிற மாஸ்டரைப் பார்த்தவர்களுக்குச் சிலிர்க்கும். உள்ளே ரவை கலந்த கஸ்டர்ட் வைத்துச் சுட்டு, கத்தியால் டக் டக்கென்று சின்னத் துண்டுகளாக வெட்டி, மேலே பொடித்த சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவித் தருவார்கள். சீஸ் வைத்தது, கொத்துக்கறி வைத்தது என்றும் உண்டு. கறி வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு நடுவே காபி. கிரேக்கரின் குளிர்ந்த நுரைக்காபியான ஃபிராப்பே, 1957ஆம் ஆண்டு தெசலோனிக்கி பன்னாட்டுச் சந்தையில் பிறந்தது. காபி போட வெந்நீர் கிடைக்காத ஒரு நெஸ்கஃபே ஊழியர், உடனடிக் காபித்தூளையும் குளிர்ந்த நீரையும் குலுக்கிக் குடித்ததில் உண்டானது. இப்போது இளையவர்கள் ஐஸ் போட்ட ஃபிரெத்தோ எஸ்பிரஸோவுக்கு மாறிவிட்டார்கள். இரண்டில் எதுவானாலும் ‘ஸ்கெத்தோ’ என்றால் சர்க்கரை இல்லாமல், ‘மெத்ரியோ’ என்றால் அளவாக, ‘கிலிகோ’ என்றால் இனிப்பாக. ஃபில்டர் காபியோடு ஒப்பிடாமல் குடித்தால் நன்றாக இருக்கும்.

சாயங்காலம் இனிப்புக்கு ‘லுக்குமாதேஸ்’: புளித்த மாவைச் சின்ன உருண்டையாக எண்ணெயில் விட்டுப் பொரித்து, சூட்டோடு தேன் ஊற்றிப் பட்டைத்தூள் போட்டது. சாக்லேட் ஊற்றியும் தருகிறார்கள். என் கருத்தில் அது வீண், தேனே போதும். நள்ளிரவுக்கு மேல் தெசலோனிக்கியில் விழித்திருந்தால் ‘பட்ஸாஸ்’ கடைக்குப் போய்ப் பாருங்கள். குடலும் காலும் போட்ட சூப். பூண்டு ஊறிய வினிகரும் மிளகாய்த்தூளும் மேசையில் இருக்கும், நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆட்டுக்கால் சூப் குடித்து வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

கடலைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இரண்டே சொல். இஸ்தான்புல்லில் எமினோனுத் துறையில் வறுத்த மீனை ரொட்டியில் வைத்துத் தரும் ‘பாலிக் எக்மெக்’ சாப்பிடுங்கள். மசாலா சோறு அடைத்த சிப்பியைத் தெருவில் தட்டில் வைத்து விற்பவரிடம் மட்டும் எச்சரிக்கை. எலுமிச்சை பிழிந்து ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே இருப்பார்; போதும் என்று நீங்கள்தான் நிறுத்த வேண்டும், கணக்கு கடைசியில். பெய்ரூட் பக்கம் போனால் காலையில் ‘மனூஷே’, மூலிகையும் எள்ளும் கலந்த ஸாத்தர் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவிச் சுட்ட ரொட்டி. இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் போல அந்தக் கூட்டணி.

வீட்டில் செய்து பார்க்க

கம்பி இல்லாமல் யீரோஸ் வராது. ஆனால் பக்கத்தில் போகலாம். எலும்பில்லாத கோழித் தொடைக்கறியை (நெஞ்சுக்கறி வறண்டுவிடும்) அகலத் துண்டாக வெட்டி, உப்பு, காஷ்மீரி மிளகாய்த்தூள், மிளகு, காய்ந்த ஓரிகனோ, நசுக்கிய பூண்டு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் போட்டுப் பிசறி நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பீட்ஸாவோடு வரும் ஓரிகனோ பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தால் இப்போது பயன்படும். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, நெருக்கமில்லாமல் பரப்பி, இரண்டு பக்கமும் முழுதாக வேகும்வரை சுடுங்கள். இறக்கி, மெல்லிசாக நறுக்கி, மறுபடி அதே கல்லில் ஓரம் கருகும்வரை ஒரு புரட்டு. கம்பியில் கிடைக்கும் மொறுமொறுப்பு இந்த இரண்டாவது புரட்டலில்தான் வரும். அதை விட்டுவிட்டால் வெறும் சிக்கன் வறுவல்.

சுற்றுவதற்குப் பரோட்டா வேண்டாம். எண்ணெய்மேல் எண்ணெய், அடுக்கும் பிரிந்து போகும். ஈஸ்ட் போட்ட மைதா மாவைத் தடியாகத் தட்டிக் கல்லில் சுட்டால் போதும்.

ட்ஸட்ஸிகியில்தான் நம்மவர்கள் தவறுவார்கள். தயிர்ப் பச்சடி போலவே தோன்றுவதால் வெள்ளரிக்காயை நறுக்கித் தயிரில் போட்டுவிடுவோம். பத்து நிமிடத்தில் தண்ணீர் விட்டு, பிட்டா நனைந்து கிழியும். கெட்டித் தயிரைச் சுத்தமான வேட்டித்துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஓர் இரவு தொங்கவிடுங்கள். வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் பிசறி, கால் மணி நேரம் கழித்து இனிமேல் சொட்டு வராது என்னும் அளவுக்குக் கையால் பிழியுங்கள். உப்போடு மசித்த பூண்டு, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், சில துளி வினிகர், கிடைத்தால் சதகுப்பைத் தழை, கிடைக்காவிட்டால் புதினா. கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அரைக் கிலோ தயிருக்குப் பூண்டு இரண்டு பல்லுக்கு மேல் போகவேண்டாம். முதலில் குறைவாகத் தெரியும், இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். மறுநாள் காலை அலுவலகம் இருந்தால் ஒரே பல்.